ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள்

மக்கள்தொகைக் கணக்கெடுக்கப் போன பதினெட்டு நாளில் டீச்சர் ஒரே ஒரு வீட்டை மட்டும் தள்ளித் தள்ளிப் போட்டாள். பத்தொன்பதாம் நாள் காலையில் மேற்குப் பகுதியில் பாக்கி இருந்தது அந்த ஒரு வீடுதான். அவளுடைய கணவன் வீடு.

ஊரின் நடுவே போகும் தார்ச்சாலைதான் எல்லை. மேற்கே இருநூற்றுப் பதினொரு வீடு டீச்சருக்கு. கிழக்கே நூற்றுத் தொண்ணூற்று நான்கு வீடு, அதே பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருக்கும் விசில் சாருக்கு. தூங்கும்போதுகூட அவர் கழுத்தில் விசில் தொங்கும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். தன் வீட்டைத் தானே எண்ணக் கூடாது என்பதற்காகத்தான் மேற்பார்வையாளர் இப்படிப் பிரித்துக் கொடுத்தார். டீச்சர் மூன்று வருடமாக இருப்பது கிழக்கே, அண்ணன் வீட்டில். சாலைக்கு அந்தப் பக்கம் அவளுக்கு ஒரு புகுந்த வீடு இருப்பது மேற்பார்வையாளருக்குத் தெரியாது. டீச்சரும் வாயைத் திறக்கவில்லை. மறுத்தால் காரணம் கேட்பார்கள். காரணம் சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது.

பதினெட்டு நாளும் அவளுக்குள் கோபம் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறிக்கொண்டுதான் இருந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொல்வது ஆண். "உங்க மனைவி என்ன வேலை செய்றாங்க?" என்று கேட்டால், "அவளா? சும்மாதான் வீட்ல இருக்கா" என்பான். சும்மா இருக்கிறவள் அப்போதுதான் இரண்டு மாடு கறந்த பாலைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறத்திலிருந்து வருவாள். டீச்சர் பேனாவை மூடி வைத்துவிட்டு அந்தப் பெண்ணையே கேட்பாள். ஒரு வீட்டில் அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, "ஒரு நாள் சும்மா இருந்து பாக்கணும்னுதான் டீச்சர் எனக்கும் ஆசை. எங்க விடுறாங்க?" என்றாள். முப்பத்தொரு வீடு பூட்டிக் கிடந்தது. வாலிபர்கள் வேலை தேடி வெளியே போய்விட்டார்கள். போன வருடம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் ஒன்பதே பேர். இந்த ஊருக்கு ஒவ்வொரு ஆளும் கணக்கு என்று டீச்சருக்குத் தோன்றியது.

ஆனால் அவள் மனம் நின்றது வேறொரு கேள்வியில். பயிற்சி வகுப்பில் கொடுத்த கையேட்டில், மணமான பெண்களிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை, இப்போது உயிரோடு இருப்பவர்கள் எத்தனை. கீழே சிறிய எழுத்தில் ஒரு விளக்கம். பிறந்த குழந்தை ஒரே ஒரு முறை மூச்சுவிட்டிருந்தாலும் அதை உயிரோடு பிறந்த குழந்தையாகவே கணக்கில் சேர்க்க வேண்டும். அந்த வரியைப் படித்ததும் டீச்சர் எழுந்து வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

அவளுடைய பெண் குழந்தை ஒன்பது நாள் மூச்சுவிட்டது.

பெயர் வைக்கவில்லை. பதிவு செய்யவில்லை. பதினோராம் நாள் மாமியார் பக்கத்து வீட்டுக்காரியிடம், "ஒன்பது நாள் இருந்ததெல்லாம் பிள்ளைக் கணக்குல வராது. அடுத்தது ஆரோக்கியமா பொறக்கட்டும்" என்றாள். அறைக்குள் படுத்திருந்த டீச்சர் அதைக் கேட்டாள். வாசலில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்த கணவனும் கேட்டான். இரண்டு செருப்பையும் நிதானமாக மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிப் போனான். அவள் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்து வந்துவிட்டாள்.

அந்தக் குழந்தை எழுத்தில் வரக்கூடிய ஒரே இடம் இந்தப் படிவம்தான். அவள் பெயருக்கு எதிரே, இரண்டு கட்டங்களில். அதனால்தான் கணக்கெடுப்பு தொடங்கிய முதல் நாளே அம்மாவிடம் சொல்லி வைத்தாள். "விசில் சார் நம்ம வீட்டுக்கு வர்றப்போ நான் அந்தப் பக்கம் சுத்திக்கிட்டிருப்பேன்மா. நீ சொல்லிடு. எத்தனை பிள்ளைன்னு கேப்பாரு. ஒண்ணுன்னு சொல்லணும். பொண்ணுன்னு சொல்லணும். மறந்துடாத."

"அதெப்படி மறப்பேன்?" என்றாள் அம்மா.

பத்தொன்பதாம் நாள் காலை டீச்சர் கணவன் வீட்டு வாசலில் நின்றாள். வீட்டு முன்பாகமே அவனுடைய கடை. பம்ப்செட் மோட்டார் பழுது பார்க்கிறவன். பிரித்துப் போட்ட மோட்டாரின் முன்னால் உட்கார்ந்து செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கம்பி கையிலிருந்து நழுவிச் சுருளவிழ்ந்து ஓடியது.

"வா" என்றான். பிறகு, "உள்ள வா."

"இங்கயே நிக்கிறேன். குடும்பத் தலைவர் யாரு?"

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. "நான்தான்."

"வயசு?"

"உனக்குத் தெரியாதா?"

"நீங்க சொல்றதைத்தான் நான் எழுதணும்."

"முப்பத்தாறு."

"கல்யாணம் ஆனவரா?"

துடைத்த கையையே மறுபடி துடைத்தான். "ஆச்சு. எழுது. அப்படியே உன் பேரையும் சேர்த்து எழுதிக்கோ. ஒரு வரிதானே."

குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் இந்தக் குரல் எங்கே போயிருந்தது என்று டீச்சருக்கு எரிச்சல் மண்டியது. "ஆறு மாசமா யார் இந்த வீட்ல இருக்காங்களோ, ஒரே அடுப்புல சாப்பிடுறாங்களோ, அவங்களைத்தான் எழுத முடியும்."

"அப்போ உன்னை எங்க எழுதுவாங்க?"

"நான் சாப்பிடுற வீட்ல."

மாமியார் உள்ளேயிருந்து வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டீச்சர் கேட்க வேண்டிய கேள்விகளை வரிசையாகக் கேட்டாள். பெயர், வயது, படிப்பு. பிறகு அந்தக் கேள்வி.

"பிறந்தது மூணு" என்றாள் மாமியார். டீச்சர் எழுதப் போகும்போது, "இரு" என்றாள். முந்தானையைத் திருகினாள். "நாலு. முதல்ல ஒண்ணு. ஆம்பளப் பிள்ளை. பாதி நாள்கூட இல்ல."

கணவன் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான். அவனுக்கே அது புதுச் செய்தி. டீச்சர் நான்கு என்று எழுதினாள். 'பாதி நாள் பிள்ளைக் கணக்குல வருமா அத்தை?' என்று நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள். கிழவி மேல் இரக்கப்பட்டு அல்ல. அரசாங்க வேலையாக வந்திருக்கிறோம் என்பதால். வீட்டு எண்ணுக்குப் பக்கத்தில் சாக்கட்டியால் ஒரு சரி போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

மறுநாள் பகல், பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பு அறை. ஞாயிற்றுக்கிழமை. இரண்டு பெஞ்சை ஒன்றாகச் சேர்த்துப் படிவங்களை அடுக்கி, டீச்சரும் விசில் சாரும் கூட்டல் போட்டுக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வையாளர் மாலை ஐந்து மணிக்கு வந்து வாங்கிக்கொள்வார். ஒருவர் போட்ட கூட்டலை மற்றவர் சரிபார்க்க வேண்டும்.

"மொத்த ஊருக்கும் ஆயிரத்து நானூத்து அறுபத்தேழு" என்றார் விசில் சார். "போன தடவையைவிட இருநூறு கம்மி. ரெண்டு கபடி டீமுக்கு ஆள் தேடினா கிழவனுங்களைத்தான் இறக்கணும்."

டீச்சர் சிரித்துக்கொண்டே கிழக்குப் பகுதிப் படிவக் கட்டைத் தன் பக்கம் இழுத்தாள். அண்ணன் வீட்டு எண் எழுபத்தெட்டு. அதைத் தேடி எடுத்தாள். அண்ணன், தீவனக் கடை. அண்ணி. மகன். மகள். அம்மா. அவ்வளவுதான். ஐந்து வரி. ஆறாவது வரியில் விசில் சார் நீளமாக ஒரு கோடு இழுத்திருந்தார், யாரும் எதுவும் சேர்க்க முடியாதபடி.

தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் காலி.

"சார், இதுல நான் எங்க?"

"நீங்க உங்க வீட்டுக்காரர் வீட்ல இருக்கீங்களே டீச்சர்."

"யார் சொன்னா?"

"உங்க அண்ணன்தான். 'தங்கச்சி பேரை அவ புருஷன் வீட்ல எழுதியாச்சு, இங்க எழுதினா ரெண்டு தடவை ஆயிடும்'னு சொன்னாரு. மேற்குப் பகுதி உங்களோடது, நீங்களே எழுதியிருப்பீங்கன்னு நெனச்சேன்." குரலைத் தாழ்த்தினார். "ராசியாயிட்டீங்க போலன்னு சந்தோஷம்கூடப் பட்டேன். நாமளா கேட்டா நல்லா இருக்காதேன்னு விட்டுட்டேன்."

"தினமும் சாயங்காலம் நான் எந்தப் பக்கம் திரும்பிப் போறேன்னு நீங்க பாக்கலையா?"

விசில் சார் விசிலைப் பிடித்துக்கொண்டார். தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"எங்கம்மா அப்போ அங்க இருந்தாங்களா?"

"இருந்தாங்க. காப்பி கொடுத்தாங்க."

ஆயிரத்து நானூற்று அறுபத்தேழு பேரை எண்ணிய ஊரில் அவள் ஒருத்தி இல்லை. அவள் இல்லையென்றால், அவள் பெயருக்கு எதிரே வர வேண்டிய ஒன்பது நாளும் இல்லை. மாமியார் வாயால் சொன்னதை அம்மா வாயை மூடிக்கொண்டே சொல்லிவிட்டாள்.

"எழுந்திரிங்க சார். வீட்டுக்குப் போகலாம்."

"டீச்சர், அஞ்சு மணிக்கு மேற்பார்வையாளர்..."

"மணி பன்னெண்டுதான் ஆகுது. விட்டுப்போன ஆளைச் சேர்க்கணும்னு கையேட்டுல இருக்கு. உங்க பகுதி. நீங்கதான் வரணும்."

தெருவில் டீச்சர் முன்னால் போனாள். விசில் சார் படிவக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் கிட்டத்தட்ட ஓடி வந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக வேறொருவர் அவரை ஓட வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் அண்ணன் தீவனக் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்து, கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். அண்ணி கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அம்மா சமையலறை வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். விசில் சாரின் கையிலிருந்த கட்டைப் பார்த்ததும் முறத்தில் அரிசி அப்படியே நின்றது.

"அண்ணா, இந்த வீட்ல எத்தனை பேர்?"

"என்னது இது, கோர்ட்டா?"

"எத்தனை பேர்?"

அண்ணன் விசில் சாரைப் பார்த்தான். "அன்னிக்கே சொன்னேனே சார். அஞ்சு."

"நான் யாரு?"

"நீ என் தங்கச்சி. யார் இல்லேன்னா? ஆனா கட்டிக்கொடுத்த பொண்ணு. உன் பேரு அங்கதான் இருக்கணும். நாளைக்கு அரசாங்கக் காகிதத்துல இந்த வீட்டு எண்ல உன் பேரும் இருந்தா, பின்னால அதை வச்சுப் பங்கு, அது இதுன்னு பிரச்சினை வரும்னு பத்திரம் எழுதுறவரு சொன்னாரு. எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

"இதை வச்சு யாரும் பங்கு கேக்க முடியாதுங்க" என்றார் விசில் சார். "இது வெறும் ஆள் கணக்கு. யாருக்கும் காட்டக்கூட மாட்டாங்க."

"நீங்க சும்மா இருங்க சார். உங்களுக்கு ஓடத்தான் தெரியும்."

டீச்சர் சிரித்தாள். சிரிப்பு அவளுக்கே பயமாக இருந்தது. "மூணு வருஷம். காலையில அஞ்சு மணிக்கு எழுந்து உன் பிள்ளைங்களுக்குச் சாப்பாடு கட்டுறது யாரு? நீ நேத்து தின்ன சோறு யார் வடிச்சது? அப்பல்லாம் நான் இந்த வீடு. பேனாவை எடுத்தா மட்டும் நான் அந்த வீடா? பங்கு வேணும்னா நான் உன் முகத்தைப் பார்த்துக் கேட்பேன். படிவத்துல ஒளிஞ்சுக்கிட்டு வந்து கேட்க மாட்டேன்."

"சாப்பாட்டைச் சொல்லிக் காட்டுறியா?" என்றாள் அண்ணி.

"ஆமா அண்ணி. இன்னிக்குச் சொல்லித்தான் காட்டப் போறேன்."

விசில் சாரிடம் திரும்பினாள். "சார், ஒரு குடும்பம்னா என்ன? கையேட்டுல இருக்கிறதைச் சொல்லுங்க."

பரீட்சையில் மாட்டிக்கொண்ட பையனைப் போல அவர் ஒப்பித்தார். "ஒரே வீட்டில் வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து, ஒரே சமையலறையில் சாப்பிடுகிறவர்கள்."

"கேட்டுக்கிட்டியா அண்ணா? ஒரே அடுப்புல சாப்பிட்டா நான் இந்தக் குடும்பம். ஆறு பேர்னு எழுதணும். இல்ல, நீ சொல்ற மாதிரி அஞ்சு பேர்தான்னா, எனக்கு வேற அடுப்பு. ரெண்டுல எது?"

"அஞ்சுதான்" என்றான் அண்ணன். ஒரு வேகத்தில் சொல்லிவிட்டான். தங்கை பேச்சோடு நிறுத்திக்கொள்வாள் என்று நினைத்தான்.

டீச்சர் சமையலறைக்குள் போனாள். அம்மா புகையில் இருமுகிறாளே என்று, இங்கு வந்த முதல் மாதமே அவள் வாங்கிப் போட்ட கேஸ் அடுப்பு அது. ரெகுலேட்டரைத் திருகிக் கழற்றினாள். அடுப்பின் மேலிருந்த பாத்திரத்தை இறக்கி அண்ணியின் காலடியில் வைத்தாள். அடுப்பைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கூடத்தைத் தாண்டி, தான் படுக்கும் பக்கவாட்டு அறைக்குப் போனாள். தையல் மெஷின் மேல் கிடந்த விடைத்தாள்களை வழித்துத் தள்ளிவிட்டு அங்கே அடுப்பை வைத்தாள். பிறகு திரும்பி வந்து சிலிண்டரைச் சாய்த்துப் பிடித்து உருட்டிக்கொண்டே போனாள். தரை முழுக்க இரும்புச் சத்தம். யாரும் உதவிக்கு வரவில்லை, விசில் சாரைத் தவிர. அவரும் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் கூடவே குனிந்து குனிந்து நடந்தார்.

அந்த அறைக்குத் தெருப்பக்கம் ஒரு கதவு உண்டு. வருடக்கணக்கில் திறக்காத தாழ்ப்பாள். டீச்சர் செருப்பால் இரண்டு அடி அடித்ததும் திறந்துகொண்டது. வெளியே போய்க் கதவில் சாக்கட்டியால் எழுதினாள். 78, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 2.

அப்போதுதான் அண்ணனுக்கு உறைத்தது. ஒரே வீட்டு எண்ணில் ஒரு வரியாக இருந்திருக்க வேண்டியவள், இப்போது தனிக் கதவு, தனி எண், தனிக் குடும்பம். எழுந்து ஓடி வந்தான். "சரி சரி, விடு. சார், ஆறுன்னே எழுதிக்கோங்க. என்ன இப்ப? ஒரு பேர்தானே."

"எழுதாதீங்க சார்" என்றாள் டீச்சர். "அவரு ரெண்டு தடவை அஞ்சுன்னு சொல்லிட்டாரு. சொல்றதைத்தான் எழுதணும்."

"அப்போ மதியச் சாப்பாடு?" என்றாள் அண்ணி, தன்னை அறியாமல்.

"உங்க குடும்பத்துல அஞ்சு பேர் இருக்கீங்களே."

விசில் சார் அந்த அறைக் கட்டிலின் நுனியில் உட்கார்ந்து புதுப் படிவம் ஒன்றை எடுத்தார். இருபது நாளில் அவர் யாரையும் இவ்வளவு மரியாதையாகக் கேட்டதில்லை. "குடும்பத் தலைவர்?"

"நான்."

"ஆட்கள்?"

"ஒருத்தி."

வயது, படிப்பு, வேலை எல்லாம் அவருக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். அந்த இடம் வந்தது. பேனா நின்றது. தலையைத் தூக்காமல், "டீச்சர், இதை வேணும்னா நானே..." என்றார்.

"கேளுங்க சார். மேற்கே வீடு வீடா நான் கேட்டேன்."

"உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை?"

இந்த ஒரு பதிலுக்காகத்தான் இவ்வளவும். டீச்சர் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. இவ்வளவு நேரம் ஊரே கேட்கக் கத்தியவள்தான். தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

"ஒண்ணு" என்று ஒரு குரல்.

அம்மா. கூடத்துக்கும் அறைக்கும் நடுவில், முறத்தை இன்னும் கையில் பிடித்தபடி நின்றாள். "பொண்ணு. ஒன்பது நாள் இருந்தா. நல்லா பால் குடிச்சா. எழுதிக்கோங்க தம்பி."

"அன்னிக்கு ஏன்மா சொல்லல?" டீச்சரின் குரல் திரும்பி வந்துவிட்டது. இன்னும் கூர்மையாக. "அவர் கேக்கக்கூட இல்லன்னு சொல்லாத. என் பேரைச் சொல்லியிருந்தா கேட்டிருப்பாரு."

"அண்ணன் பக்கத்துல இருந்தான்."

"இன்னிக்கும்தான் இருக்கான்."

அம்மா முறத்தில் இருந்த அரிசியைப் பார்த்தாள். கூடத்துக்கு அப்பால் சமையலறையைப் பார்த்தாள். அங்கே அடுப்பு இருந்த இடத்தில் சுவரில் சதுரமாக ஒரு கறை மட்டும் இருந்தது. விசில் சார் பெண் என்ற கட்டத்தில் ஒன்று போட்டார். பக்கத்தில், இப்போது உயிரோடு இருப்பவர்கள் என்ற இடத்தில், ஒரு சுழியைப் போட்டார், மிகச் சிறியதாக.

"பெருசா எழுதுங்க சார். அப்புறம் யாராவது படிக்க முடியலன்னு விட்டுடப் போறாங்க."

அவர் அதன் மேலேயே அழுத்தி எழுதினார்.

"அம்மாவை என்ன பண்றது டீச்சர்?" என்று மெல்லக் கேட்டார். "அங்க எழுதியிருக்கேன். மாத்தணுமா?"

"அதை என்கிட்ட கேக்காதீங்க. எங்க சாப்பிடுறாங்கன்னு அவங்களைக் கேளுங்க."

விசில் சார் கேட்கவில்லை. அந்தத் தைரியம் அவருக்கு இல்லை. டீச்சர் ரெகுலேட்டரைப் பொருத்தித் தீக்குச்சியைக் கிழித்தாள். அடுப்பு ஒரு தடவை உறுமிவிட்டு நீலமாகப் பிடித்துக்கொண்டது. சின்னப் பாத்திரம் ஒன்றில் ஒருத்திக்கு வேண்டிய தண்ணீரை ஊற்றினாள். பிறகு படிவக் கட்டின் மேலிருந்த மொத்தத் தாளை எடுத்தாள். ஆயிரத்து நானூற்று அறுபத்தேழை ஒரே கோட்டில் அடித்து, மேலே அறுபத்தெட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.